ஆயிரம் கெஜம், ஐந்து குண்டு, எந்தத் தோட்டா?

ஆயிரம் கெஜம் பெஞ்ச்ரெஸ்ட்டுக்கு, அதாவது துப்பாக்கியை மேசை மேல் மணல் பைகளில் தாங்கவைத்து, குண்டுகளை எவ்வளவு நெருக்கமாகப் போட முடியும் என்று பார்க்கும் போட்டிக்கு, எந்தத் தோட்டா நல்லது என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல வருகிறவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது பேலிஸ்டிக் அட்டவணையைத்தான். குண்டின் எடை, பி.சி. (வேகம் இழக்காமல் காற்றைக் கிழித்துப் போகும் திறனைக் காட்டும் எண்), முகப்பு வேகம், பத்து மைல் காற்றுக்கு எத்தனை அங்குலம் விலகும். இந்த நான்கையும் வரிசையாக எழுதிவிட்டால் பதில் தானாக வந்து நிற்கும்: பெரிய கேஸ் (பவுடரை அடக்கும் பித்தளைக் கூடு), நீளமான கனத்த குண்டு. எனக்கும் அந்த அட்டவணை மனப்பாடம். ஆனால் எடை வரம்புள்ள லைட் கன் வகுப்பின் போட்டி முடிவுகளைப் பார்த்தால் மேலே இருப்பவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது 6 மி.மீ. சின்னத் தோட்டாதான். 6 பிஆர் தோட்டாவின் மாற்று வடிவங்களான டாஷர், 6 பிஆர்ஏ, சில பேரிடம் வெறும் 6 பிஆர். அட்டவணை ஒன்றைச் சொல்கிறது, டார்கெட் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டில் எதையும் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை. அடுத்த பேரலை எந்தத் தோட்டாவுக்குச் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வெட்டச் சொல்வது என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் இந்த முரண் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 6 மி.மீ.-இல் 105 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) ஹைப்ரிட் குண்டு, நீண்ட குண்டுகளுக்கான ஜி7 அளவுகோலில் பி.சி. சுமார் 0.27, முகப்பில் விநாடிக்கு ஏறக்குறைய 2,950 அடி. 7 மி.மீ.-இல் 180 கிரெய்ன் குண்டு, ஜி7 சுமார் 0.34, வேகம் 2,830 அடி என்று வைத்துக்கொள்வோம்; 7 மி.மீ. தோட்டாவான .284 வின்செஸ்டரில் பலரும் ஓட்டும் வேகம் அதுதான். இரண்டுமே ஒன்றரை விநாடிக்குச் சற்று முன்பாகவே இலக்கைத் தொட்டுவிடுகின்றன. இரண்டும் ஒலி வேகத்துக்கு நன்றாக மேலே இருக்கும்போதே போய்ச் சேர்கின்றன, அதனால் கடைசி நூறு கெஜத்தில் குண்டு தள்ளாடுமோ என்ற பயமும் இல்லை. காற்று என்று வரும்போதுதான் பிரிகின்றன. மணிக்கு ஒரு மைல் வேகத்தில் முழுக் குறுக்காக அடிக்கும் காற்று 6 மி.மீ. குண்டை ஏறக்குறைய ஏழரை அங்குலம் தள்ளும். 7 மி.மீ. குண்டை 6 அங்குலம் தள்ளும்.

ஒன்றரை அங்குலம். மூன்று அங்குல குரூப் (குண்டுத் துளைகளின் பரவல்) இன்று யாரையும் வியக்க வைக்காத விளையாட்டில் ஒன்றரை அங்குலம் என்பது சாதாரண விஷயம் அல்ல. பெரிய குண்டு வேண்டும் என்பவர்களை நான் ஒரு நாளும் அலட்சியமாகப் பார்த்ததில்லை, அவர்கள் சொல்லும் எண் சரியானது. ஆனால் அந்த எண்ணுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அது, நான் கவனிக்காமல் விட்ட காற்று மாற்றம் இரண்டு தோட்டாவுக்கும் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு மைல் தவறினால் இவ்வளவு, இரண்டு மைல் தவறினால் இவ்வளவு. அந்த ஒரு மைலைத் தவறவிட வைப்பது எது என்று அட்டவணை கேட்பதில்லை.

பின்னணி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1967-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் ஆயிரம் கெஜம் பெஞ்ச்ரெஸ்ட் கிளப் தொடங்கிய காலத்திலிருந்து நெடுங்காலம் பவுடர் நிறையப் பிடிக்கும் பெரிய .30 மேக்னம் தோட்டாக்கள்தான் ராஜா. அப்புறம் 6.5 மி.மீ. குண்டைப் போடும் 6.5-284 வந்தது, பேரல்களைத் தின்று தீர்த்தது. குறுந்தூரத்தில் 1975-இல் பால்மிசானோவும் பிண்டெல்லும் .220 ரஷ்யன் கேஸிலிருந்து உருவாக்கிய 6 பிபிசி எல்லாவற்றையும் அடித்துத் துடைத்தபோதுகூட, அது 100, 200 கெஜத்துச் சமாச்சாரம், ஆயிரத்தில் சின்ன கேஸ் எடுபடாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. நீளமான, ஒரே சீரான 6 மி.மீ. குண்டுகளும், அவற்றைச் சுழற்றி நிலைநிறுத்த 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள நல்ல பேரல்களும் கைக்கு வந்த பிறகே கதை மாறியது.

ஒரு ரிலேயின் நடுவில்

எனக்கு விடை கிடைத்தது எந்தக் கணக்கிலும் இல்லை. ஒரு போட்டியில் என் ரிலே (சுடும் முறை) முடிந்து, சுடும் வரிசைக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்து பெஞ்சுகளில் இரண்டு பேர். ஒருவரிடம் 6 பிஆர்ஏ, மற்றவரிடம் 7 மி.மீ. இருவருமே அனுபவசாலிகள், துப்பாக்கிகளும் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. காற்றைக் கணிக்கச் சுடும் சைட்டர் சுற்று முடிந்து, கணக்கில் சேரும் ரெக்கார்டு சுற்று தொடங்கியது. இருவரும் சுடவில்லை. ஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி காத்திருந்தார்கள். இடப்பக்கமிருந்து வரும் காற்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஏறும்போது கொடிகளின் வால் பாதிக்கு மேல் உயர்ந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, அப்புறம் தொங்கியது. சைட்டரில் இருவரும் தேர்ந்துகொண்டது அந்த உயர்ந்த நிலையை.

கொடி உயர்ந்தது. இருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முதல் குண்டைச் சுட்டார்கள். 6 பிஆர்ஏ மணல் பையின் மேல் நேர்கோட்டில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகப் பின்னால் வழுக்கி நின்றது. அவர் தோளை அதில் சாய்த்திருக்கவே இல்லை. வலக்கை போல்ட்டைத் திறந்தது, இடக்கை அடுத்த தோட்டாவை வைத்தது, போல்ட் மூடியது, பின்பக்கத்தை ஒரு விரல் அழுத்தத்தில் முன்னால் தள்ளினார், துப்பாக்கிக் கட்டையான ஸ்டாக்கின் நுனி, முன்தாங்கியான ரெஸ்ட்டின் தடுப்பில் தட்டி நின்றது. குறுக்குக்கோடு அதே இடத்தில் இருந்திருக்க வேண்டும், அவர் எதையும் திருத்தவில்லை. டிரிகர். மறுபடியும் அதே வரிசை. ஐந்து குண்டும் போய் முடிந்தபோது கொடி இன்னும் உயர்ந்தே இருந்தது.

பக்கத்து பெஞ்சில் 7 மி.மீ. ஒவ்வொரு முறையும் பையை உதறிவிட்டு எழுந்தது. அவர் அதைத் தோளில் ஊன்றி, பிடியை இறுக்கிச் சுட வேண்டியிருந்தது, அந்தத் துப்பாக்கியை வேறு மாதிரி சுடவும் முடியாது. ஒவ்வொரு குண்டுக்கும் பின் பையின் காதுகளைத் தட்டிச் சீராக்கினார், ஸ்கோப்பில் இலக்கைத் தேடிப் பிடித்தார், ரெஸ்ட்டின் திருகில் நுனியளவு திருத்தினார். அவர் செய்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை, ஒவ்வொன்றையும் அழகாகவே செய்தார். ஆனால் மூன்றாவது குண்டு போனதும் கொடி தொங்கிவிட்டது. அவர் நிறுத்தினார். காத்திருந்தார். காற்று திரும்ப ஏறியபோது அது முன்பு இருந்த அதே அளவா, கொஞ்சம் கூடவா குறைவா என்று ஆயிரம் கெஜத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மிச்சம் இரண்டையும் சுட்டார். டார்கெட் வந்தபோது அவருடைய குரூப் உயரத்தில் அருமையாக இருந்தது, அகலத்தில் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து கிடந்தது.

ஒரு ரிலேயை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது தெரியும். ஐந்து குண்டு குரூப்பில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரியது. ஆனால் அன்று எனக்குக் கிடைத்தது நிரூபணம் இல்லை, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கனத்த குண்டு காற்றுப் பிழையை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது. சரி. ஐந்து குண்டையும் ஒரே காற்றுக்குள் அனுப்ப முடிந்தால் அந்தப் பிழையில் எவ்வளவு குறையும்? பாதியா, அதற்கும் மேலா? காற்று நிலையாக நிற்கும் நேரம் குறைவாக இருக்கும் எந்த மைதானத்திலும் அது ஐந்தில் ஒரு பங்கைவிட மிக அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அட்டவணை காற்றின் தாக்கத்தைக் குறைக்கச் சொல்கிறது. பெஞ்ச்ரெஸ்ட் உங்களைக் காற்று மாறும் முன்பே முடித்துவிட விடுகிறது. முடிக்க விடாத தோட்டாவுக்குப் பி.சி. எவ்வளவு இருந்தும் பயன் குறைவு.

இந்த எண்ணம் சரிதானா என்று சோதிக்க தரையில் படுத்து, தாங்கியில் வைத்துச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே ஆயிரம் கெஜம், அதே காற்று, அதே மாதிரி நீண்ட குண்டுகள். அங்கே ஓப்பன் பிரிவில் 7 மி.மீ.-தான் கோலோச்சுகிறது. .284, அதைக் கொஞ்சம் அகட்டிய ஷெஹேன் வடிவம், அதைவிடப் பெரிய குட்டை மேக்னம் கேஸ்கள். ஏன்? அங்கே ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு டார்கெட்டை இறக்கி, எங்கே பட்டது என்று குறி வைத்து ஏற்றுகிறார்கள். விரும்பினாலும் அவசரப்பட முடியாது. ஒவ்வொரு குண்டும் ஒரு தனிக் காற்று, ஒரு தனி முடிவு, அதுவும் இருபது குண்டுகளுக்கு. தவறவிடும் மைல் எல்லோருக்கும் ஒன்றுதான் என்ற அந்த நிபந்தனை அங்கே உண்மையாகிவிடுகிறது, ஆகவே அட்டவணை அங்கே ஜெயிக்கிறது. பெஞ்ச்ரெஸ்ட்டிலோ ரெக்கார்டு குண்டுகளுக்குக் குறி கிடையாது. எங்கே பட்டது என்று தெரியாது. தெரியாதபோது திருத்தி என்ன பயன்? சைட்டரில் கண்டுபிடித்த காற்றுக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிடுவதே புத்திசாலித்தனம். ஒரே தூரத்துக்கு இரண்டு விளையாட்டும் இரண்டு தோட்டாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் போட்டி நடத்தும் முறைதான். இது பிடிபட்டதும் முதலில் சொன்ன முரண் கரைந்துவிட்டது. அட்டவணையும் டார்கெட்டும் வெவ்வேறு விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.

உதைப்பின் கணக்கு

லைட் கன் வகுப்பில் துப்பாக்கியின் எடை 17 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. இந்த வரம்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 105 கிரெய்ன் குண்டு, 32 கிரெய்ன் அளவில் பவுடர். 180 கிரெய்ன் குண்டு, 53 கிரெய்ன் அளவில் பவுடர். 17 பவுண்டு துப்பாக்கியில் இவற்றின் உதைப்பைப் போட்டுப் பாருங்கள். முதலாவது நான்கு அடி-பவுண்டைத் தொடுவதில்லை. இரண்டாவது பத்தைத் தாண்டுகிறது. ஒரு வேட்டைக்காரருக்கு இரண்டுமே ஒன்றுமில்லாத உதை. ஆனால் நான் பேசுவது தோள்வலியைப் பற்றி அல்ல. நான்கு அடி-பவுண்டில் துப்பாக்கியைத் தொடாமல் பையின் மேல் வழுக்க விடலாம். பத்தில் விட முடியாது, பிடித்தாக வேண்டும். பிடித்தால் அந்தப் பிடி ஐந்து முறையும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். குண்டு பேரலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி நகரத் தொடங்கிவிடுகிறது, அந்த நேரத்தில் தோள் கொடுக்கும் அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் ஆயிரம் கெஜத்தில் அது அங்குலக் கணக்கில் தெரியும். சின்னத் தோட்டா சுடுபவரின் உடம்பைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறது. எனக்கு அதன் பெரிய கவர்ச்சியே இதுதான்.

இனி எதிர்த் தரப்பின் நல்ல வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சின்ன கேஸ் பவுடர் அளவுக்கு அதிகம் பயப்படும். 32 கிரெய்னில் 0.1 கிரெய்ன் கூடிக் குறைந்தால் வேகம் மாறும் அளவு, 53 கிரெய்னில் அதே 0.1 மாறும்போது ஏற்படுவதைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். ஆயிரம் கெஜத்தில் விநாடிக்குப் பத்து அடி வேக வித்தியாசம் உயரத்தில் இரண்டு முதல் மூன்று அங்குலம். அதாவது பெரிய கேஸில் மன்னிக்கப்படும் ஒரு சிறு அலட்சியம் 6 மி.மீ.-இல் குரூப்பையே நீட்டிவிடும். வார்கெட் போன்ற பவுடரில் ஒரு துகளின் எடை 0.02 கிரெய்ன் சுமாருக்கு இருக்கும். ஆகவே நல்ல தராசில் துகள் துகளாகப் போட்டு நிறுப்பது இங்கே ஆடம்பரம் இல்லை, கட்டாயம். இதற்குப் பொறுமை இல்லாதவர் .284-க்குப் போவதே மேல் என்று உண்மையாகவே சொல்வேன்.

பவுடர் அளவோடு இதை விட்டுவிடவும் முடியாது. உயரத்தைக் கட்டுப்படுத்துவது வேகத்தின் சீர்மை மட்டும் இல்லை. குண்டு வெளியேறும் கணத்தில் பேரல் நுனி மேல்நோக்கி அசைந்துகொண்டிருந்தால், மெதுவாக வரும் குண்டு சற்றுத் தாமதமாக, சற்று உயர்ந்த கோணத்தில் கிளம்பும். வேகமான குண்டு தாழ்ந்த கோணத்தில் கிளம்பும். தூரத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி ஒரே உயரத்தில் வந்து சேரும். பழைய .303 லீ-என்ஃபீல்டுகள் நெடுந்தூரத்தில் மட்டும் ஆச்சரியமாகச் சுட்டதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஆயிரம் கெஜத்திலேயே ட்யூனிங் (பவுடர் அளவையும் குண்டின் ஆழத்தையும் துப்பாக்கிக்கு ஏற்பச் சரிசெய்வது) செய்ய வேண்டும், நூறு கெஜத்தில் அழகாகத் தெரியும் லோடை (பவுடரும் குண்டும் சேர்ந்த அமைப்பை) நம்பிப் போகக் கூடாது என்று அனுபவசாலிகள் வலியுறுத்துவது இதனால்தான். 6 பிஆர் குடும்பத்தில் இந்த ட்யூன் அகலமாகக் கிடைக்கிறது என்பது பலரும் சொல்வது, என் அனுபவமும் அதுவே. வெப்பநிலை காலைக்கும் மதியத்துக்கும் மாறினாலும் லோடு சட்டென்று கைவிட்டுப் போவதில்லை.

டாஷரா, பிஆர்ஏவா?

சின்ன 6 மி.மீ. என்று முடிவானதும் அடுத்த சண்டை இது. இரண்டுக்கும் தாய் 6 பிஆர் கேஸ்தான், இரண்டிலும் தோள், அதாவது கேஸின் உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு, 40 டிகிரி. டாஷரில் தோளையே ஏறக்குறைய 0.1 அங்குலம் முன்னால் நகர்த்தியிருக்கிறார்கள், அதனால் உள்ளே இடம் கொஞ்சம் அதிகம், வேகமும் கொஞ்சம் அதிகம், கழுத்து குட்டை. பிஆர்ஏவில் கழுத்தும் தோளும் சேரும் இடம் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதனால் புதிய 6 பிஆர் கேஸை அப்படியே லோடு செய்து சுட்டால் போதும், சேம்பரின் வடிவத்துக்கு அதுவே விரிந்துகொள்ளும். டாஷருக்குப் பிஆர் கேஸிலிருந்து உருவாக்குவதென்றால் பொய்த் தோள் (கேஸ் முன்னால் நழுவாமல் தடுக்கக் கழுத்தில் செய்யும் தற்காலிகத் தோள்) வைப்பது, குண்டைப் பேரலின் உள் வரிகளான ரைஃப்ளிங்கில் அழுத்தி உட்கார வைப்பது என்று கூடுதல் வேலை; இப்போது தயாராகவே டாஷர் கேஸ் கிடைப்பதால் அந்த வேலையையும் தவிர்க்கலாம் என்பது நியாயமான பதில்தான்.

ஆனாலும் நான் பிஆர்ஏ பக்கம். விநாடிக்குச் சில பத்து அடிகள் கூடுதல் வேகத்துக்காக இத்தனை தூரம் வந்து சின்னத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேகம்தான் வேண்டுமென்றால் முதலிலேயே .284-இல் நின்றிருக்கலாம். எனக்கு வேண்டியது நீளமான கழுத்து, உருவாக்கும்போது சிதையாத கேஸ், முதல் சுடுதலிலேயே ஓரளவு நன்றாகச் சுடும் பித்தளை. லபுவா நிறுவனத்தின் 6 பிஆர் கேஸ்கள், பவுடரைப் பற்றவைக்கும் சிறிய ரைஃபிள் பிரைமரை எடுத்துக்கொள்பவை, ஒரு பெட்டிக்குள் சுவர்களின் தடிமனும் எடையும் மிக நெருங்கி வருகின்றன. சின்னத் தோட்டா ஜெயிப்பதற்கு அதன் குட்டையான தடித்த வடிவமே காரணம் என்று ஒரு கோட்பாடு உண்டு. வடிவத்துக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் அதே வடிவத்தில் மட்டமான பித்தளையைக் கொடுத்தால் யாரும் ஜெயிக்க மாட்டார்கள் என்பது என் திடமான கருத்து. தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பாதி, நல்ல கேஸ் எதற்குத் தடையில்லாமல் கிடைக்கிறது என்று பார்ப்பதுதான்.

பேரல் ஆயுள் பற்றி ஒரு வார்த்தை. 6.5-284 ஆயிரம் குண்டுகளைத் தாண்டியதும் போட்டிக்கு ஆகாமல் போவது சகஜம். பிஆர் குடும்பம் இரண்டாயிரத்தைச் சுற்றி நிற்கும். இதைச் செலவுக் கணக்காகப் பார்ப்பவர்கள் பலர். நான் பார்ப்பது வேறு: தொண்டை (ரைஃப்ளிங் தொடங்கும் இடம்) மெதுவாகத் தேயும் பேரலில் குண்டின் உட்காரும் ஆழத்தை அடிக்கடி துரத்த வேண்டாம். அரிபட்டு முன்னால் நகரும் ரைஃப்ளிங்கைப் பின்தொடர்ந்தே பருவம் கழிந்துவிட்டால், காற்றைக் கற்றுக்கொள்ள எப்போது சுடுவது?

நான் ஓரளவுக்கு மேல் உறுதியாகப் பேசத் தயங்கும் இடம் ஹெவி கன் வகுப்பு. அங்கே எடை வரம்பு கிடையாது, பத்து குண்டு சுட வேண்டும். ஐம்பது பவுண்டுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கியில் 7 மி.மீ.-உம் பெரிய .30 மேக்னமான .300 டபிள்யூஎஸ்எம்-உம் கூட பையின் மேல் அடக்கமாக வழுக்குகின்றன, தோளில் ஊன்ற வேண்டிய அவசியமே இல்லை. சின்னத் தோட்டாவுக்கு நான் அடுக்கிய வாதங்களில் முக்கியமானது அங்கே செல்லாது, ஒன்றரை அங்குல லாபம் மறுபடியும் முழு மதிப்போடு திரும்பி வருகிறது. பத்து குண்டுகளை வேகமாக அனுப்பும்போது பெரிய கேஸ் பேரலை எவ்வளவு சூடாக்கும், அந்தச் சூட்டில் ஸ்கோப்புக்கு முன்னால் எழும் கானல் எவ்வளவு கண்ணை ஏமாற்றும் என்பது மட்டும்தான் அங்கே எதிர்த் தட்டில் இருக்கிறது. அந்த வகுப்புக்கு என்னிடம் கேட்டால் .284-ஐத் தாண்டிப் போகாதீர்கள் என்பேன், 6 மி.மீ.-தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க மாட்டேன். லைட் கன்னுக்கு, ரீமர் (சேம்பர் வெட்டும் கருவி) 6 பிஆர்ஏவுக்கே, 105 கிரெய்ன் குண்டின் அடிப்பகுதி கழுத்தைத் தாண்டி உள்ளே இறங்காதபடி ஃப்ரீபோர் (ரைஃப்ளிங்குக்கு முன்னுள்ள வரியில்லாத பகுதி) வைத்து வெட்டச் சொல்லிவிட்டேன்.